கான்கிரீட்டில் பிளாஸ்டிக் கழிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கான்கிரீட்டில் பிளாஸ்டிக் கழிவைக் கலப்பது என்றால், சிமெண்டுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கைப் போடுவதா?

இல்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகி, மணலையும் ஜல்லியையும் ஒன்றாகப் பிடித்துவைப்பது சிமெண்டின் வேலை. அதைக் குப்பையிலிருந்து வந்த பிளாஸ்டிக் செய்யாது. கான்கிரீட்டின் கனஅளவில் 60 முதல் 75 சதவீதத்தை மணலும் ஜல்லியும்தான் அடைத்துக்கொண்டிருக்கின்றன. பிளாஸ்டிக் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் இந்தப் பங்கைச் சுற்றியே நடக்கிறது.

நடைமுறையில் மூன்று வடிவங்கள் உள்ளன. பாட்டில்களை நறுக்கி அரைத்த துகளை மணலின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் போடுவது ஒன்று. பிளாஸ்டிக்கை உருக்கி, சில சமயம் தாதுப் பொடியும் சேர்த்து, கட்டியாக்கி உடைத்து ஜல்லியின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் போடுவது இரண்டாவது. மெல்லிய இழைகளாக நீட்டி, எதையும் குறைக்காமல் கூடுதலாகச் சேர்ப்பது மூன்றாவது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இவற்றின் குணங்கள் வெவ்வேறானவை. "பிளாஸ்டிக் கான்கிரீட் நல்லதா, கெட்டதா" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

தார்ச் சாலையில் பிளாஸ்டிக் போடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. தார்ச் சாலையில் சுமார் 160 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய ஜல்லியின்மேல் நறுக்கிய பிளாஸ்டிக் பைகளைத் தூவுவார்கள். அது இளகி ஜல்லியின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்த பிறகு தாரைச் சேர்ப்பார்கள். இம்முறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவரான வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவனுக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தாரும் பிளாஸ்டிக்கும் இரண்டுமே எண்ணெய் வழி வந்தவை என்பதால் அங்கே ஒட்டுதல் இயல்பாக அமைகிறது. கான்கிரீட்டில் சூடும் இல்லை, உருகுதலும் இல்லை. தண்ணீரை விரும்பும் சிமெண்ட் பசையும் தண்ணீரைத் தள்ளும் பிளாஸ்டிக்கும் அருகருகே வைக்கப்படுகின்றன. பிரச்சினைகள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

உருக்கிய பிளாஸ்டிக்கில் மணலைக் கலந்து அச்சில் அழுத்தும் தளக்கற்களும் இந்த வகையில் சேரா. கென்யாவின் நசாம்பி மதீ இத்தகைய கற்களைச் செய்ததற்காக 2020-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் இளம் சாதனையாளர் பட்டியலில் இடம்பெற்றார். அக்கற்களில் பிளாஸ்டிக்கே பசையாக இருக்கிறது, சிமெண்ட் இல்லை. அவற்றுக்குத் தனிச் சோதனைகளும் தனிக் கணக்கும் வேண்டும்.

இந்த முயற்சியின் தேவை என்ன?

இரண்டு பக்கங்களிலிருந்து நெருக்கடி இருக்கிறது. 1950-களிலிருந்து 2015 வரை உலகில் உற்பத்தியான பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன் என்றும், கழிவான பகுதியில் ஏறத்தாழ 9 சதவீதமே மறுசுழற்சி கண்டது என்றும் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மறுபக்கம், உலகம் ஆண்டுதோறும் சுமார் 5,000 கோடி டன் மணலையும் சரளையையும் தோண்டி எடுக்கிறது. தேங்கிக் கிடக்கும் பொருளைக் கொண்டு தீர்ந்துவரும் பொருளை ஈடுகட்டலாமே என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் இந்த இரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: உலகத்துக் கழிவுப் பிளாஸ்டிக் முழுவதையும் கான்கிரீட்டில் போட்டாலும் மணல் தேவையில் ஒரு சிறு பகுதிதான் குறையும். கழிவுக்கு ஒரு போக்கிடம் என்ற அளவில் இதைப் பார்ப்பது சரி. மணல் பஞ்சத்துக்குத் தீர்வு என்று விற்பது மிகை.

எந்தப் பிளாஸ்டிக்கையும் பயன்படுத்தலாமா?

கூடாது. பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண்ணைப் பார்த்துப் பிரிப்பது முதல் வேலை. 1 என்பது பெட், அதாவது குடிநீர் பாட்டில், 2 என்பது எச்டிபிஇ, கேன்களும் வாளிகளும், 3 பிவிசி, 4 என்பது பைகளுக்கான எல்டிபிஇ, 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை எல்லாம்.

பெட்டின் அடர்த்தி எண், அதாவது தண்ணீரை 1 என்று கொண்டால் அதன் கனம், சுமார் 1.38, எனவே தண்ணீரில் மூழ்கும். எச்டிபிஇ 0.95 அளவிலும் பாலிபுரொப்பிலீன் 0.9 அளவிலும் இருப்பதால் மிதக்கும். ஒரு வாளித் தண்ணீரில் கையளவு துகளைப் போட்டுக் கிளறிவிட்டாலே பாதிப் பிரிப்பு கண்முன் நடந்துவிடும். கான்கிரீட்டிலும் இதே குணம் வேலை செய்கிறது: கலவை இளகலாக இருந்து வைப்ரேட்டரையும் அதிக நேரம் பிடித்தால் மிதக்கும் வகைகள் மேலே ஏறிவந்து, மேற்பரப்பில் பிளாஸ்டிக் மிகுந்த பலவீனமான அடுக்காகப் படிந்துவிடும்.

பிவிசியை ஒதுக்கிவிடுவதே நல்லது. சாதாரண வெப்பநிலையில் அது அமைதியாக இருக்கும். தீப்பிடித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். அது மூச்சுக்கும் கேடு, கம்பிக்கும் கேடு.

பிளாஸ்டிக் கலந்தால் கான்கிரீட்டின் வலிமை குறையுமா?

மணலுக்கோ ஜல்லிக்கோ பதிலாகப் போடும்போது குறையும். இதை மழுப்பாமல் சொல்லிவிடுவது நல்லது. எவ்வளவு குறையும் என்பது துகளின் வடிவம், அளவு, வகை, விகிதம் ஆகியவற்றைப் பொறுத்தது. மணலில் 10 சதவீதம் மாற்றும்போது இழப்பு சிறிதாகவே இருக்கும்படி கலவையை வடிவமைக்க முடியும். கவனமில்லாமல் கலந்தால் அதே 10 சதவீதம் பெரிய இழப்பைத் தரும். விகிதம் ஏற ஏற வீழ்ச்சி தொடரும்.

காரணங்கள் மூன்று. முதலாவது, ஒட்டாமை. பிளாஸ்டிக்கின் வழவழப்பான, தண்ணீர் ஏற்காத பரப்பின்மேல் சிமெண்டின் படிகங்கள் பிடிமானம் கொள்வதில்லை. தட்டையான துகளாக இருந்தால் கலவையிலிருந்து மேலே கசியும் நீர் அதன் அடிப்பகுதியில் தேங்கி, இறுகிய பிறகு அங்கே ஒரு வெற்றிடத்தை விட்டுவைக்கும். இரண்டாவது, மென்மை. கருங்கல் ஜல்லியின் மீட்சிக் குணகம், அதாவது விறைப்பின் அளவு, பல பத்து கிகாபாஸ்கல். பெட்டுக்கு 2 முதல் 3 வரை, எச்டிபிஇக்கு 1 அளவில்தான். சுமை வரும்போது சுற்றியுள்ள பசை விறைப்பாக நிற்க, பிளாஸ்டிக் வளைந்துகொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சுமையைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ ஓர் ஓட்டைதான். மூன்றாவது, காற்று. தட்டைத் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து காற்றைச் சிறைப்பிடிக்கின்றன.

28 நாள் தண்ணீரில் கிடந்த 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டியை அழுத்தி உடைத்துப் பார்த்தால் இவை எல்லாம் கண்ணுக்கே தெரியும். சாதாரணக் கட்டி பக்கங்கள் சிதறி, நடுவில் இடுப்பு ஒடுங்கிய உருவமாக நிற்கும். பெட் துகள் கலந்த கட்டி அப்படிச் சட்டென்று சிதறாது. விரிந்து, பிளந்து, துண்டுகள் தொங்கிக்கொண்டு நிற்கும். பிளந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்தால், துகள் உடைந்த அடையாளம் ஒன்றும் இருக்காது. உருவி வந்த இடத்தில், ஈரச் சேற்றில் இலை பதிந்த தடம்போல வழவழப்பான பள்ளங்கள் மட்டும் இருக்கும். பிளாஸ்டிக் தோற்கவில்லை, பிடிமானம்தான் தோற்றிருக்கிறது.

அப்படியானால் எந்த அளவு கலக்கலாம்? விகிதத்தை எடையில் கணக்கிடுவதா, கனஅளவில் கணக்கிடுவதா?

கனஅளவில்தான். மிக அதிகமாக நடக்கும் பிழை இதுவே என்பதால் ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

ஒரு கனமீட்டர் கான்கிரீட்டில் 700 கிலோ மணல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணலின் அடர்த்தி எண் 2.65, எனவே அது நிரப்பும் இடம் சுமார் 264 லிட்டர். அதில் 10 சதவீதம் 26.4 லிட்டர். அந்த இடத்தை பெட் துகளால் நிரப்ப 26.4 × 1.38, அதாவது ஏறத்தாழ 36 கிலோ போதும். எடைக்கு எடை என்று நினைத்து 70 கிலோ பெட்டைக் கொட்டினால் அது கிட்டத்தட்ட 51 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். நினைத்தது 10 சதவீதம், விழுந்தது ஏறக்குறைய 19 சதவீதம். கலவையின் மொத்த அளவும் 24 லிட்டர் கூடிவிடுவதால், ஒரு கனமீட்டருக்கான சிமெண்டும் சத்தமில்லாமல் குறைந்துவிடுகிறது. "10 சதவீதத்திலேயே வலிமை பாதாளத்துக்குப் போய்விட்டது" என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எதில் அளந்தீர்கள் என்பதுதான்.

துகளின் அளவும் முக்கியம். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகமும் இந்தியாவின் கோவா பொறியியல் கல்லூரியும் சேர்ந்து செய்த ஆய்வில், மணலின் சல்லடைப் பகுப்பை, அதாவது அதிலுள்ள பெரிய, சிறிய துகள்களின் பங்கை, ஒத்துவருமாறு அரைத்துத் தரம்பிரித்த பெட் துகள்கள், 10 சதவீத மாற்றத்தில், சோதித்த வகைகளுள் நல்ல பலனைத் தந்தன. கட்டமைப்பு அல்லாத வேலைக்கு இந்த 10 சதவீதத்தை மேல்வரம்பாகக் கொண்டு தொடங்குவது, என் கருத்தில், நிதானமான வழி.

இழையாகச் சேர்ப்பது இதைவிடச் சிறந்ததா?

பல வேலைகளுக்கு ஆம். துகளாக இருக்கும்போது பிளாஸ்டிக் தனக்குத் தெரியாத வேலையை, அதாவது அழுத்தத்தைத் தாங்கும் வேலையை, செய்யும்படி கட்டாயப்படுத்தப்படுகிறது. இழையாக நீட்டினால் இழுவிசையைத் தாங்குகிறது. கான்கிரீட்டுக்கு இயல்பிலேயே குறைவாக இருப்பதும் அதுதான்.

தலைமுடி போன்ற நுண்ணிழைகளைக் கனமீட்டருக்கு சுமார் 0.9 கிலோ, அதாவது கனஅளவில் 0.1 சதவீதம் சேர்த்தாலே, போட்ட சில மணி நேரங்களில் வெயிலிலும் காற்றிலும் மேற்பரப்பு உலர்ந்து வரும் சுருக்க விரிசல்கள் வெகுவாகக் குறையும். சற்றுத் தடித்த பெரிய இழைகளைச் சில கிலோ சேர்க்கும்போது, விரிசல் விழுந்த பிறகும் இரு பக்கங்களையும் தைத்துப் பிடித்துவைக்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளையொட்டி, மறுசுழற்சிப் பாலிபுரொப்பிலீன் இழைகள் கான்கிரீட் நடைபாதைகளில் இரும்பு வலைக்குப் பதிலாகப் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன. இதைத் தூண், உத்தரக் கம்பிகளுக்குப் பதில் என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது.

இழைக்கு பாலிபுரொப்பிலீன் நல்ல தேர்வு. கான்கிரீட்டின் துளைகளில் உள்ள நீரின் பிஎச் 12.5-க்கும் மேல், அந்தக் காரத்தில் பெட் காலப்போக்கில் நீராற்பகுப்பு அடைந்து, அதாவது நீரால் அதன் மூலக்கூறுகள் உடைந்து, அரிக்கப்படும், பாலிபுரொப்பிலீனோ அசைந்துகொடுக்காது. துகளாக இருக்கும் பெட்டுக்கு இந்த அரிப்பு பெரிய விஷயமில்லை. மெல்லிய பெட் இழைக்கு அதுவே ஆயுள் கேள்வி.

பாலிபுரொப்பிலீன் இழைக்கு ஒரு பக்கப் பலனும் உண்டு. மிக அடர்த்தியான உயர்வலிமைக் கான்கிரீட் தீயில் சிக்கும்போது, உள்ளே சிக்கிய நீராவி வெளியேற வழியின்றிப் பட்டாசுபோல மேற்பரப்பைப் பெயர்த்தெறியும். இழைகள் 165 டிகிரி அளவில் உருகி நுண்வழிகளைத் திறந்துவிடுகின்றன. அத்தகைய கான்கிரீட்டில் கனமீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் இவ்விழைகளைச் சேர்ப்பதை ஐரோப்பியத் தரநிலையே ஒரு பாதுகாப்பு வழியாகச் சொல்கிறது.

பாட்டிலைக் கழுவாமல் நறுக்கிப் போட்டால் என்ன?

குளிர்பானப் பாட்டிலின் அடியில் காய்ந்து ஒட்டியிருக்கும் சர்க்கரையை நினைத்துப் பாருங்கள். சிமெண்டின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சர்க்கரைகூட இறுகும் நேரத்தை மணிக்கணக்கில் தள்ளிப்போடும். காலையில் போட்ட கட்டியை மறுநாள் அச்சிலிருந்து எடுக்கும்போது ஓரம் கையோடு வந்தால், சந்தேகம் சிமெண்டின்மேல் போகும். குற்றவாளி பாட்டிலாக இருக்கலாம். எண்ணெய்க் கேன்களின் பிசுக்கு ஒட்டுதலைக் கெடுக்கும். சலவைத்தூள் போட்டுக் கழுவிவிட்டு நன்றாக அலசாமல் விட்டாலோ நுரை கட்டி, தேவைக்கு மேல் காற்றுக் குமிழ்கள் உள்ளே போய்விடும். லேபிளும் பசையும் மூடியும் தனித்தனியே போக வேண்டும். மூடி பெரும்பாலும் வேறு பிளாஸ்டிக், மிதக்கும் வகை.

பிளாஸ்டிக்கின் பரப்பைப் பக்குவப்படுத்தி ஒட்டுதலைக் கூட்ட முடியாதா?

முடியும். காரக் கரைசலில் ஊறவைத்துப் பரப்பைச் சொரசொரப்பாக்குவது, சூடான துகளின்மேல் மணலையோ கசடுப் பொடியையோ ஒட்டவைப்பது போன்ற வழிகள் சோதிக்கப்பட்டிருக்கின்றன. 2017-இல் அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) மாணவர்கள் பெட் துகளைக் காமா கதிர்வீச்சுக்கு உட்படுத்திப் பொடியாக்கி, நிலக்கரிச் சாம்பல் போன்ற சேர்க்கைகளுடன் சிமெண்ட் பசையில் கலந்து, வலிமை கூடியதாகக் காட்டினார்கள். கதிர்வீச்சு பெட்டின் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே பிணைப்புகளை உண்டாக்கி அதன் படிக அமைப்பை மாற்றுகிறது. பொருள் கதிரியக்கம் உள்ளதாக மாறிவிடுவதில்லை. அந்தச் சோதனை, மணலும் ஜல்லியும் இல்லாத பசையில், மிகச் சிறிய விகிதத்தில் நடந்தது என்பதைச் செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் விட்டுவிட்டன.

வீட்டின் தூண், உத்தரம், தளம் ஆகியவற்றில் போடலாமா?

துகளாகப் போட வேண்டாம். வலிமை குறைவதை வேண்டுமானால் கூடுதல் சிமெண்டால் ஈடுகட்டலாம். விறைப்பு குறைவதை அப்படி எளிதில் மறைக்க முடியாது. வடிவமைப்பாளர், கான்கிரீட்டின் அமுக்க வலிமையைக் கொண்டு அதன் விறைப்பைச் சமன்பாட்டால் கணிக்கிறார். அந்தச் சமன்பாடுகள் கல்லும் மணலும் கொண்ட கான்கிரீட்டிலிருந்து பெறப்பட்டவை. பிளாஸ்டிக் கலந்தால் கணக்குச் சொல்வதைவிடத் தளம் அதிகமாகத் தொய்யும், நாள்பட்ட சுருக்கமும் கூடும்.

அடுத்தது தீ. கட்டடப் பாகங்களைச் சோதிக்கும் நிலையான தீ வளைகோட்டில், அதாவது சோதனை உலையின் சூடு நேரத்தோடு ஏறவேண்டிய முறையில், 10 நிமிடத்திலேயே வெப்பநிலை 680 டிகிரியை நெருங்கிவிடுகிறது. எச்டிபிஇ 130 அளவிலும் பெட் 250 முதல் 260 அளவிலும் உருகிவிடும். கம்பியைச் சுற்றி நின்று அதைக் காக்க வேண்டிய கான்கிரீட் உறை ஓட்டைகள் நிறைந்ததாக மாறும்.

தரைத் தளக்கற்கள், சுமை தாங்காத தடுப்புச் சுவருக்கான ஹாலோ பிளாக், நடைபாதை ஓரக்கல், மொட்டைமாடிச் சரிவு நிரப்பு, குழிகளை நிரப்பும், சிமெண்ட் குறைந்த மெலிந்த கலவை ஆகியவை பொருத்தமான இடங்கள். பிளாஸ்டிக் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் மாடி நிரப்பிலும் தடுப்புச் சுவரிலும் சிறு நன்மையும் உண்டு.

இதனால் கார்பன் உமிழ்வு உண்மையிலேயே குறைகிறதா?

நான் மிகவும் தயங்கும் இடம் இதுதான். கான்கிரீட்டின் கார்பன் கிட்டத்தட்ட முழுவதும் சிமெண்டில் இருக்கிறது; உலகின் கரியமில வாயு உமிழ்வில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியால் வருகிறது. மணலைத் தோண்டி எடுப்பதற்கான உமிழ்வு கிலோவுக்குச் சில கிராம் மட்டுமே. மேலே போட்ட கணக்கில் மிச்சமான 70 கிலோ மணலால் தவிர்க்கப்படுவது ஒரு கிலோ கரியமில வாயுகூட இருக்காது. வலிமை குறைந்ததே என்று 25 கிலோ சிமெண்ட் கூடுதலாகப் போட்டால், சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் கிலோவுக்கு 0.8 கிலோவுக்கு மேல் உமிழ்வதால், 20 கிலோ கூடிவிடும். பாட்டிலைக் கழுவி, உலர்த்தி, அரைத்து, ஏற்றிவந்த செலவு தனி.

ஆகவே "பசுமைக் கான்கிரீட்" என்ற அட்டையை ஒட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பிளாஸ்டிக் கலந்ததற்காகச் சிமெண்ட் ஏறியதா? ஏறவில்லை என்றால், கழிவை எரிக்காமலும் ஆற்றில் விடாமலும் தடுத்த நன்மை அப்படியே நிற்கிறது. அந்த 36 கிலோ என்பது, ஒன்று 25 கிராம் என்று கொண்டால், ஒரு கனமீட்டருக்கு 1,400-க்கும் மேற்பட்ட பாட்டில்கள். இரும்பு வலையை நீக்கிவிட்டு இழையைப் போடும்போது கணக்கு இன்னும் சாதகமாக இருக்கும். இரும்புக்கு உமிழ்வு அதிகம்.

இன்னொரு பக்கமும் உண்டு. சுத்தமான பெட் பாட்டில் மீண்டும் பாட்டிலாகவோ துணியிழையாகவோ மாறக்கூடியது. அதைக் கான்கிரீட்டில் புதைப்பது நல்ல பொருளைத் தாழ்ந்த வேலைக்கு அனுப்புவதாகும். பல அடுக்குப் பொட்டலங்கள்போல வேறு எங்கும் போக வழியில்லாத கழிவுக்கு இந்த இடத்தைக் கொடுப்பதே முறை. ஆனால் சோதனைகளில் நன்றாக நடந்துகொள்வதோ பெரும்பாலும் அந்தச் சுத்தமான பெட்தான். இந்த முரண்பாடு இன்னும் தீரவில்லை.

செலவு குறையுமா?

பொதுவாகக் குறையாது. கழிவு இலவசமாகக் கிடைத்தாலும் பிரித்தல், கழுவுதல், அரைத்தல் ஆகியவற்றின் கூலியும் மின்சாரமும் சேர்ந்தால் மணலைவிட விலை ஏறிவிடுவது வழக்கம்.

கலந்து பார்க்க விரும்புகிறவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பிளாஸ்டிக் இல்லாத அதே கலவையில் ஒரு தொகுதிக் கட்டிகளை உடன் போடாமல் எந்தச் சோதனையையும் தொடங்க வேண்டாம். ஒப்பிட ஆதாரம் இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. தண்ணீர், சிமெண்ட் விகிதத்தை இரண்டிலும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள். தட்டைத் துகள் போட்டதும் கலவை விறைத்துக்கொண்டு, அதன் இளகலைக் காட்டும் அளவான ஸ்லம்ப் குறையும். அந்த நேரத்தில் கை தானாகத் தண்ணீர் வாளிக்குப் போகும். அதைத் தடுத்து, இளக்கும் வேதிச்சேர்க்கையால் சரிசெய்வதே முறை. 7 நாளிலும் 28 நாளிலும் அமுக்க வலிமை பாருங்கள். தளக்கல் என்றால் நீர் உறிஞ்சலும் தேய்மானமும் சேர்த்துப் பாருங்கள். உடைந்த முகத்தைப் பார்க்காமல் கட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். துகள் பரவலாக இருக்கிறதா, மேலே திரண்டிருக்கிறதா என்பதை எண்கள் சொல்லாது.

நுண்பிளாஸ்டிக் வெளியேறாதா? கட்டடத்தை இடிக்கும்போது என்ன ஆகும்?

கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும்வரை பிளாஸ்டிக்குக்கு வெயில் படாது, அசைவு இல்லை. வெளியேற வழி குறைவு. தேயும் பரப்புகளில் நிலைமை வேறு. வண்டிச் சக்கரம் தினமும் உரசும் தளக்கல்லின் மேல்முகத்திலிருந்து சிமெண்ட் துகளோடு பிளாஸ்டிக் துகளும் பெயர்ந்து மழைநீரில் போகும். அதனால் தளக்கல்லை இரண்டு அடுக்காக அச்சிட்டு, பிளாஸ்டிக் கலந்த கலவையை அடியிலும் சாதாரணக் கலவையை மேலேயும் வைப்பது அறிவார்ந்த ஏற்பாடு.

இடிக்கும்போதுதான் இன்றைய வசதி நாளைய தொல்லையாகத் திரும்பி வரும். பழைய கான்கிரீட்டை நொறுக்கி மீண்டும் ஜல்லியாக்கும்போது, மிதக்கும் அந்நியப் பொருள்களுக்குத் தரநிலைகள் இறுக்கமான வரம்பு வைத்திருக்கின்றன. பெட் துகளோ மூழ்கிவிடுவதால் நீரில் அலசிப் பிரிப்பதும் கடினம். நொறுக்கும் இயந்திரத்தின் தூசியில் நுண்பிளாஸ்டிக்கும் இருக்கும் என்பதால் தண்ணீர் தெளித்து அடக்குவதும், ஓடும் நீரை வடிகட்டுவதும் கட்டாயம். இதற்கெல்லாம் முதலில், எந்தக் கல்லில், எந்தத் தளத்தில் பிளாஸ்டிக் இருக்கிறது என்பது இடிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தளக்கல்லின் அடிப்புறத்தில் அச்சிலேயே ஒரு குறியைப் பதித்துவிடலாம். போட்ட ஆண்டு, பிளாஸ்டிக்கின் எண், கனஅளவு விகிதம் ஆகிய மூன்றையும் கட்டட வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவைத்தால், அதைப் பிரிக்க வருபவர் துழாவ வேண்டியிருக்காது.